முயலோடு எல்லை தாண்டலாமா? வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வியாசர்பாடியில் மொட்டை மாடியில் ஒன்பது முயல் வளர்க்கிறீர்கள். ஜனவரியில் பெங்களூரில் நடக்கும் செல்லப்பிராணிக் கண்காட்சியில் முயலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதாம். எட்டு மாத வெள்ளை ஆண் ஒன்றையும், சாம்பல் நிறப் பெண் ஒன்றையும் அங்கே கொண்டுபோக ஆசை. ஓசூர் தாண்டும்போது செக்போஸ்ட்டில் பிடிப்பார்களா, என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், என்றைக்காவது வெளிநாட்டு முயல் கண்காட்சிக்கும் இவற்றை எடுத்துப் போக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பேப்பரைப் பற்றி இருந்தாலும், முயல் உயிரோடு போய் உயிரோடு வீடு திரும்புமா என்ற பயம்தான் உங்களுக்குள் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தப் பயம் சரியான பயம். பேப்பர் வேலை அரை நாளில் முடிந்துவிடும். மற்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் 29 வருடம் ஆய்வாளராக இருந்தவன். கடைசிப் பத்து வருடம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம், அதாவது ஆந்திர எல்லை ஓரத்தில். வீடு கொடுங்கையூர். 2001 முதல் மாடியில் முயல் வளர்க்கிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து, ஊசி பற்றிக் கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன். முயலைக் கையாள்வது, வண்டியில் கொண்டுபோவது, திரும்பி வந்தபின் கவனிப்பது, இவை என் அனுபவத்தில் உள்ளவை.

முதலில் பேப்பர். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சொந்த வண்டியில் இரண்டு வீட்டு முயல் கொண்டுபோனதற்காக யாரையும் மடக்கியதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கால்நடை மருத்துவர் கொடுக்கும் உடல்நலச் சான்றிதழ் ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்காட்சி நடத்துகிறவர்கள் வாசலிலேயே அதைக் கேட்கலாம். உங்களுக்கு வேப்பேரி பக்கம்தானே. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான், அதன் மருத்துவமனையில் முயல் பார்த்துப் பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். சான்றிதழில் முயலின் நிறம், பால், வயது, எடை, உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னால் வாங்கி வைத்தால் பயன் இல்லை, புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னால் வாங்குங்கள். இன்னொன்று. எங்காவது கால்நடை நோய் பரவினால் 2009-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசு ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, விலங்குகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்தலாம். அதனால் கிளம்பும் வாரத்தில் நம் பக்கமும் கர்நாடகப் பக்கமும் அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கால்நடைத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் சாம்பல் பெண்ணைப் பற்றி இங்கே ஒரு விஷயம். படத்தில் பார்த்தால் காட்டு முயலின் நிறத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் காட்டு முயலை வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலூர் தாண்டினால் ரோட்டின் இரு பக்கமும் காட்டு முயல் உள்ள ஊர்கள்தான். சோதனை செய்கிற ஆளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள்: காட்டு முயலுக்குக் கால் நீளம், உடம்பு ஒல்லி, பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். நம் வீட்டு முயல் குட்டி ரோமம் இல்லாமல், கண் மூடித்தான் பிறக்கும். போனில் உங்கள் குட்டிகளின் படம் இரண்டு வைத்திருந்தால் அதுவே போதும். சான்றிதழில் 'வளர்ப்பு முயல்' என்ற வார்த்தை இருப்பதும் இதற்காகத்தான் முக்கியம்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பந்தயப் புறா விடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆந்திரா பக்கம் கொண்டுபோய்க் கூடையைத் திறந்துவிட்டால் புறா தானாக வீடு வந்து சேரும், பயணத்துக்கென்றே பழக்கிய உயிர் அது. முயல் அப்படி இல்லை. வளையை விட்டுத் தூரம் போகாத விலங்கு. சத்தம், ஆட்டம், புது வாசனை எல்லாமே அதற்கு ஆபத்தின் அறிகுறி. அதைவிடப் பெரிய எதிரி சூடு. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அது பெரும்பாலும் காதைத்தான் நம்பியிருக்கிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். ஆண் முயல் கடும் சூட்டில் அடிபட்டால், பிழைத்தாலும் ஆறு ஏழு வாரத்துக்குச் சினை பிடிக்க வைக்காமல் போகலாம். உங்கள் வெள்ளை ஆண்தான் உங்கள் வளர்ப்புக்கே ஆதாரம் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

என் கையில் ஒரு முயல் இப்படிச் செத்திருக்கிறது. 2006 ஏப்ரலில் கிருஷ்ணகிரியில் ஒரு நண்பருக்குக் கொடுப்பதாகச் சொன்ன பெண் முயல், சோவியத் சின்சில்லா இனம், மூன்று ஈற்று ஈன்றது. காலையில் கிளம்ப வேண்டியவன் பத்து மணிக்குக் கிளம்பினேன். ஆம்பூரில் சாப்பிட வண்டியை நிறுத்தினோம். மரநிழல், இரண்டு பக்கமும் கண்ணாடி நாலு விரல் இறக்கி விட்டிருந்தேன். இருபது நிமிடம்தான். திரும்பி வந்தால் முயல் ஒருக்களித்துப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முயல் வாயால் மூச்சு விட்டால் நிலைமை கையை மீறுகிறது என்று அர்த்தம். பதற்றத்தில் ஓட்டலில் ஐஸ் தண்ணீர் வாங்கி உடம்பு முழுக்க ஊற்றினேன். அது இரண்டாவது தவறு. திடீர்க் குளிரில் அதிர்ச்சி வந்து வாணியம்பாடி போவதற்குள் போய்விட்டது. காதை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, காற்றோட்டம் கொடுத்து, நேராக டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போயிருந்தாலும் பிழைத்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பகலில் கிளம்பாமல் இருந்திருந்தால் அந்த நிலைமையே வந்திருக்காது, அது உறுதி.

ஆகவே ராத்திரிப் பயணம். ஜனவரி மாதம் உங்களுக்குச் சாதகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். ஊருக்குள் போக வேண்டாம். மாதவரம் ரவுண்டானா, புழல், அங்கிருந்து பைபாஸ் பிடித்து மதுரவாயல் போய் பெங்களூர் ரோட்டில் ஏறிவிட்டால் சிக்னலில் நின்று புழுங்க வேண்டியதில்லை. சுமார் 350 கிலோமீட்டர். விடியும்போது ஓசூர் குளிரில் இருப்பீர்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே போய்ச் சேர்ந்தபின் சூடு பிரச்சினை இல்லை. ஆனால் கிருஷ்ணகிரி தாண்டியதும் குளிர்காற்று நேராகக் கூண்டில் அடிக்காமல் ஒரு பக்கம் துணி போட்டு மறையுங்கள். ஆம்னி பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் பெட்டியில் முயலை ஏற்றவே கூடாது. ரயிலில் இந்த மாதிரி சிறு பிராணிகளைப் பார்சலாகப் பதிந்து பிரேக் வேனில்தான் ஏற்றுவார்கள். நீங்கள் ஒரு பெட்டியில், முயல் இன்னொரு பெட்டியில். நடுவில் என்ன ஆனாலும் உங்களுக்குத் தெரியாது. என் முயலை அப்படி அனுப்ப மாட்டேன். நண்பர் யாரிடமாவது கார் இருந்தால் டீசல் செலவைப் பகிர்ந்துகொண்டு போங்கள்.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. முயல் முழுதாக நீட்டிப் படுக்கவும் திரும்பவும் இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் பிரேக் போடும்போது உருண்டு அடிபடும். முயல் உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும், அவ்வளவு மெல்லிய எலும்பு. தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். காதைப் பிடித்துத் தூக்குகிறவரை உங்கள் கூண்டின் பக்கமே விடாதீர்கள். ஒரு கூண்டில் ஒரு முயல்தான். அடியில் கம்பி வலை வைத்து, வலைக்குக் கீழே பழைய செய்தித்தாள் போட்டால் மூத்திரம் உடம்பில் படாது. பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்துத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள். தேவைப்பட்டால் முயலே போய் ஒட்டிக்கொள்ளும்.

சூட்டுக்கு அடுத்து வயிறு. இதைப் பலர் கவனிப்பதில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுவிடும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் நாய்க்குச் செய்வதுபோலப் பயணத்துக்கு முன்னால் பட்டினி போடக் கூடாது. கூண்டு நிறையக் காய்ந்த புல் போடுங்கள். வழக்கமாக நீங்கள் கொடுக்கும் அருகம்புல்லும் அகத்தியும் ஒரு பிடி போதும். கண்காட்சியில் பிள்ளைகள் கேரட் நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதுத் தீவனம் எதுவும் அந்த மூன்று நாளில் உள்ளே போகக் கூடாது. தண்ணீரும் அப்படித்தான். நம் வீட்டுத் தண்ணீரின் ருசிக்குப் பழகிய முயல் வெளியூர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் இருக்கும். கேன் தண்ணீர் கொடுத்துப் பழக்கியிருந்தால் அதே தண்ணீரில் ஐந்து லிட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கூண்டில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை விழுகிற வரை கவலை இல்லை. தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். டாக்டர் கையால் அல்லாமல் கொடுக்கவே வேண்டாம்.

சரி, கண்காட்சியில் பரிசு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வெள்ளை ஆண் எட்டு மாதத்தில் 3.4 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் தர விதிப்படி நியூசிலாந்து வெள்ளை என்ற இனத்தில் வளர்ந்த ஆண் 9 முதல் 11 பவுண்டு, அதாவது சுமார் 4.1 முதல் 5 கிலோ வரை இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுடையது குறைவு. நம் ஊர்ச் சூட்டில் முயல் குறைவாகத்தான் சாப்பிடும், அது ஒரு காரணம். ஒரே கடையில் வாங்கிய அண்ணன் தங்கையையே இணை சேர்த்துக்கொண்டு போவது இன்னொரு காரணம், நம் பக்கத்தில் இது மிக அதிகம். ஆனால் நம் ஊர்க் கண்காட்சிகளில் நான் பார்த்த வரை தராசு வைப்பதில்லை, சுத்தமும் தோற்றமும்தான் பார்க்கிறார்கள். எனவே எடையால் தோற்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த நடுவரும் கை வைத்துப் பார்ப்பது இவைதான்: மேல்பல் கீழ்ப்பல் சரியாகப் பொருந்துகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, முன்காலின் உள்பக்க ரோமம் மூக்கைத் துடைத்துத் துடைத்து ஒட்டிப்போயிருக்கிறதா, காதுக்குள் சொறி இருக்கிறதா, பின்னங்கால் அடியில் புண் இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் போட்டியை மறந்து வைத்தியத்தைப் பாருங்கள். அடுத்த தலைமுறைக்கு நல்ல ரத்தம் வேண்டும் என்றால் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இரண்டும் அங்கே உண்டு. முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

இப்போது வெளிநாடு. இதில் என் கருத்து உறுதியானது: நீங்கள் போங்கள், முயல் வீட்டில் இருக்கட்டும். கொண்டுபோவதில் உள்ள கஷ்டம் பாதிதான், திரும்பக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி வளர்ப்புப் பிராணியைத் தன் சாமானோடு கொண்டுவருவதற்கு இந்தியா வைத்திருக்கும் ஏற்பாடு நாய்க்கும் பூனைக்கும்தான். முயலுக்கு அந்த வழி இல்லை. சென்னையில் பள்ளிக்கரணையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. இன்றைய விதி என்ன என்று அவர்கள் எழுத்தில் சொல்வதுதான் கடைசி வார்த்தை, என் வார்த்தை இல்லை. போகிற நாடும் சும்மா விடாது. பிரிட்டனுக்கு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகும் முயல் நான்கு மாதம் தனிமையில் இருக்க வேண்டும், வெறிநோய்க்குப் பயந்து. ஒரு நாள் கண்காட்சிக்கு நான்கு மாதச் சிறையை எந்த முயலுக்கும் கொடுக்க மனம் வருமா? ஆஸ்திரேலியாவோ, நியூசிலாந்திலிருந்து வரும் முயலை மட்டும்தான் உள்ளே விடும். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும்: பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் முயல் செல்லப்பிராணி, குவீன்ஸ்லாந்துக்குள் கால் வைத்தால் சட்டவிரோதம். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக இரண்டு டஜன் முயலை விட்டதில் தொடங்கிய அழிவை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் அந்தக் கடுமையில் எனக்கு வருத்தம் இல்லை.

மகள் இங்கிலாந்தில் இருந்தபோது வடக்குப் பக்கம் ஒரு ஊர் மண்டபத்தில் நடந்த முயல் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். போய்ப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான். வெள்ளை அங்கி போட்ட நடுவர் ஒவ்வொரு முயலையும் மேசையில் சாக்குத் துண்டின் மேல் வைத்து, ரோமத்தை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவி அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறார். சில இனத்தில் படக்கென்று திரும்ப வேண்டும், சிலதில் மெதுவாகச் சுருண்டு படிய வேண்டும். பின்னங்காலில் குட்டியிலேயே போட்ட வளையம், அதில் எண். அமெரிக்காவில் இடது காதில் பச்சை குத்துகிறார்கள். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள குள்ள முயலும், ஆறு கிலோவுக்கு மேல் ஃபிளெமிஷ் ஜெயன்ட்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்தன. நம் வயதுப் பெரியவர்கள், பத்து வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று நடுவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முயலுக்கும் ஏன் இந்த இடம் என்று காரணம் சொன்னார். நம் ஊரில் வர வேண்டியது அந்தப் பழக்கம். கோப்பை கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வளர்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

முயல் இல்லாமல் நீங்கள் மட்டும் போனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. முயலுக்கு ரத்தக்கசிவு நோய் என்று ஒரு வைரஸ் நோய். 1984-இல் சீனாவில் முதலில் கண்டார்கள். 2010-இல் பிரான்சில் அதன் இரண்டாவது வகை கிளம்பி உலகம் சுற்றியது. 2020-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் காட்டு முயல்களிடையே பரவியது. முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்ட முயல் காலையில் செத்துக் கிடக்கும். இந்த வைரஸ் செருப்பிலும் துணியிலும் புல்கட்டிலும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில், குளிரில் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஆகவே எந்தக் கண்காட்சிக்குப் போய் வந்தாலும், பெங்களூரானாலும் பர்மிங்காம் ஆனாலும், போட்டிருந்த துணியைத் துவைத்து, செருப்பைக் கழுவி, குளித்த பிறகுதான் மாடி ஏறுங்கள். அங்கிருந்து புல், தீவனம், பழைய கூண்டு எதையும் வாங்கி வராதீர்கள்.

போய் வந்த முயலை மற்ற எட்டோடு உடனே சேர்க்காதீர்கள். முழுதாக ஒரு மாதம் தனியாக, முடிந்தால் மாடியில் இல்லாமல் கீழே. தினமும் மாடி முயல்களுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் இதற்கு வைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் துடைப்பமும் தனி. தும்மல், கழிச்சல், காதைச் சொறிவது ஏதாவது தெரிந்தால் மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

பெண்ணைக் கூட்டிப் போகலாமா என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், நவம்பர் கடைசியில் இணை சேர்த்ததால் சினையாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள். பிடித்திருந்தால் கண்காட்சி நேரத்தில் அதன் கூண்டில் கண் திறந்த குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும், தாயை எடுத்துப் போகவே முடியாது. பிடிக்காமல் போய் மறுபடி டிசம்பரில் இணை சேர்த்தீர்கள் என்றால், பயணத்தின்போது சினையின் நடுவிலோ கடைசியிலோ இருக்கும், அந்த ஆட்டத்தில் குட்டி கலைந்துவிடலாம். இணை சேர்த்த 12 முதல் 14 நாளுக்குள் அனுபவமுள்ள கை வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள் தெரியும். வேப்பேரி போய் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் இந்த முறை பெண் வீட்டில் இருக்கட்டும், ஆணை மட்டும் கொண்டுபோங்கள். அதற்கும் இன்றிலிருந்தே ராத்திரியில் ஒரு மணி நேரம் பயணக் கூண்டில் புல் போட்டு உட்கார வைத்துப் பழக்குங்கள், வாரம் ஒரு முறை வண்டியில் வைத்து மூலக்கடை வரை போய் வாருங்கள். கூண்டுக்குள் இருக்கும்போதே புல்லைத் தின்ன ஆரம்பித்துவிட்டால் அது பெங்களூர் போகத் தயார். மூன்று வாரம் பழக்கியும் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து வாயே திறக்கவில்லை என்றால், நுழைவுக் கட்டணம் போனால் போகிறது, விட்டுவிடுங்கள்.